காலை எட்டு மணித் தண்ணீர்

அன்புள்ள அம்மிணி,

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரவேணு ஸ்டாப்பில் பஸ் ஏறும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் இரண்டு பேருக்கும் போன் சரிப்படுவதில்லை. நீ "சொல்லுங்கப்பா" என்பாய், நான் "சாப்பிட்டயா" என்பேன், நீ "ஆச்சுங்கப்பா" என்பாய், அதற்குள் உன் அம்மா வந்து போனை வாங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். தபாலில் போட்டால் இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எதிர்வீட்டு டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறார். எப்படியும் அவர் படித்துவிடுவார். படிக்கட்டும். இதில் இருப்பது எவருக்கும் தெரியக் கூடாத விஷயம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

முதலில், நீ சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். கீழே சமவெளியில் ஒரு ஊர். அங்கே ஒரு கம்பெனி டேட்டா சென்டர் கட்டப்போகிறது. ஒரு பெரிய கட்டடம், உள்ளே ஆள் இல்லை, அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்கள். நாம் அனுப்பும் போட்டோ, பேங்க் விவரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, இப்போது எல்லோரும் கேள்வி கேட்கிறார்களே அந்தச் செயற்கை அறிவு, எல்லாம் அங்கேதான் இருக்கும், அங்கேதான் வேலை செய்யும். அந்த மெஷின்கள் சூடாகும். சூட்டை இறக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எவ்வளவு, எங்கிருந்து என்று எழுதுவது உன் கம்பெனியின் வேலை, அதாவது உன் வேலை. நீ இதைச் சொல்லும்போது உன் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "ஏம்மிணி, சூடு ஆகக் கூடாதுன்னா ஊட்டியிலயே வெச்சுட்டுப் போலாமே. அங்க வெயில்ல கொண்டுபோய் வெச்சுட்டு அதுக்குத் தண்ணியும் ஊத்தணுமா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். கடலிலிருந்து வரும் கேபிள், பெரிய கரண்ட் லைன், சமமான நிலம், மண் சரியாத இடம் என்று நான்கு காரணம் சொன்னாய். நான்கும் நியாயமான காரணங்கள். ஆனாலும் உன் அம்மா கேட்டதும் நியாயமான கேள்விதான், அதை அவளிடம் சொல்லிவிடாதே.

நான் அந்தக் கட்டடங்களுக்கு விரோதி இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வயதானவன் புதிதாக எது வந்தாலும் வேண்டாம் என்கிறான் என்று நினைப்பாய். பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட முன்பெல்லாம் வருடா வருடம் ஊட்டிக்குப் போய் வரிசையில் நிற்பேன். போன முறை இதே டீச்சர் வீட்டு வாசலில் நின்று போனுக்கு முகத்தைக் காட்டினேன், வேலை முடிந்தது. அந்த முகம் ஏதோ ஒரு கட்டடத்தில் கிடக்கிறது. அது எந்த நாட்டிலோ கிடப்பதைவிட நம் நாட்டில் கிடந்தால், நாளைக்கு ஒரு தகராறு என்றால் நம் கோர்ட்டில் போய்க் கேட்கலாம் என்று நீ சொன்னது எனக்கு ஒப்புதல். அந்தக் கட்டடம் வந்தால் அதை நம்பிப் பத்துக் கம்பெனி வரும், அதில் உன்னைப் போல ஆயிரம் பிள்ளைகள் வெளிநாடு போகாமல் இங்கேயே வேலை பார்க்கலாம் என்றாய். அதுவும் ஒப்புதல். பவர் ஹவுஸில் வேலை பார்த்தவனாகச் சொன்னால், கரண்ட் இழுப்பதில் அது தங்கமான லோடு. எங்கள் காலத்தில் ஊர் முழுக்கக் காலையில் ஆறிலிருந்து ஒன்பது வரை ஸ்விட்சைப் போடும், பிறகு சாயங்காலம் ஆறுக்கு மேல் போடும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஈடு கொடுத்தே எங்கள் ஆயுள் போயிற்று. இந்தக் கட்டடமோ ராத்திரி பகல் ஒரே அளவாக இழுக்கும். ஆனால் சித்திரை மாதம், அணையில் தண்ணீர் இல்லை என்று சொன்னாலும் அதே அளவாகத்தான் இழுக்கும். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வேலை விஷயத்தில் நீயே ஒன்று சொன்னாய். கட்டும்வரை நிறைய பேருக்கு வேலை, கட்டி முடித்த பிறகு உள்ளே கொஞ்சம் பேர், அவர்களும் வெளியூர்க்காரர்கள். அந்த ஊர்த் தலைவர் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி என்றாய். "எங்க பசங்களுக்கு உள்ள ஏதாச்சும் வேலை கெடைக்குங்களா மேடம்?" நீ, "செக்யூரிட்டி, தோட்ட வேலை கெடைக்குங்க" என்றிருக்கிறாய். அவர், "அது போதுங்க" என்றாராம். நீ அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். அந்த மனுஷர் பேராசைக்காரர் இல்லை என்பது தெரிந்தது.

தண்ணீருக்கு வருகிறேன். இரண்டு வழி இருக்கிறது என்றாய். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர வைத்தால் கரண்ட் மிச்சம். தண்ணீர் இல்லாமல் ஏசி மாதிரி குளிர வைத்தால் தண்ணீர் மிச்சம், கரண்ட் அதிகம். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று இருக்க முடியாது, ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். கட்டப்போகும் கம்பெனி தண்ணீர் வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. டவுன் சாக்கடையைச் சுத்தம் செய்த தண்ணீர் குழாயில் வருமாம், அது நல்ல ஏற்பாடு. குழாய் வரும்வரை ஆழ்குழாய்க் கிணறு. குழாய் எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்ங்கப்பா" என்றாய். நானும் அரசாங்கச் சம்பளம் வாங்கினவன். "வரும்" என்ற சொல்லின் நீளம் எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் அறிக்கையில் தண்ணீர்க் கணக்கு எழுதும் பக்கத்தைப் பற்றிச் சொன்னாய். படிவத்தில் ஒரே ஒரு கட்டம். ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு தண்ணீர். வருடத்துக்குக் கூட்டி, நாளால் வகுத்து அதில் எழுத வேண்டும். மழைக் காலத்திலும் மார்கழியிலும் அந்தக் கட்டடம் கொஞ்சம்தான் குடிக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் அதைப்போலப் பல மடங்கு குடிக்கும். ஊர்க்கிணறு இறங்குவதும் அதே மூன்று மாதம்தான். நீ மாசாமாசம் எவ்வளவு என்று தனியாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாய். உன் மேலதிகாரி அதை எடுத்துவிடச் சொன்னார். "கேக்காத கேள்விக்கு எதுக்கு பதில் சொல்றீங்க" என்றார். அந்தச் சராசரியைப் பார்த்துத்தான் ஊர்க்கூட்டத்தில் ஜனங்கள் சரி சொல்லப்போகிறார்கள். சராசரி என்றால் என்ன என்று கேட்ட உன் அம்மாவிடம் நான் விளக்கினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படீங்களா? சரி, உங்களுக்கும் வருசத்துக்குச் சராசரியாவே சோறு போடறனுங்க. ஐப்பசியில ரெண்டு பங்கு திங்கோணும், சித்திரையில பட்டினி கெடக்கோணும். ஒத்துக்குவீங்களா?" என்றாள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பஸ் வந்துவிட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாமே உண்மையான நம்பர்தாங்கப்பா. ஒண்ணுகூடப் பொய் இல்லை. போட்டுரட்டுமா?" என்றாய். நான், "உண்மைன்னா போட்டுரு கண்ணு" என்றேன். உன் முகம் தெளிந்தது. நான் வீட்டுக்கு ஏறி வரும்போது அன்றைக்கு நடுவில் இரண்டு முறை நின்றேன்.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. குந்தாப் பக்கம் நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த பவர் ஹவுஸ் எது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். நீ ஏழாம் வகுப்புவரை வளர்ந்தது அந்தக் குவார்ட்டர்ஸில்தான். மேலே அணை, குழாய் வழியாக இறங்கி வரும் தண்ணீர், மெஷினைச் சுற்றிவிட்டுக் கீழே ஆற்றில் விழும். கீழே சமவெளியில் கரண்ட் தேவைப்படும் நேரத்துக்குத்தான் மெஷினை ஓட்டச் சொல்வார்கள். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் நான்கு மணி நேரம். மெஷின் ஓடினால் ஆற்றில் தண்ணீர். நின்றால், மேலே அணை பிடித்து வைத்திருப்பதால், கோடையில் ஆற்றில் வெறும் கல். பவர் ஹவுஸுக்குக் கீழே அரை மைல் தள்ளி ஆற்றங்கரையில் ஓர் அளவுக் கம்பம் நட்டிருந்தது, வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்டது. தினம் ஒரு முறை அதில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். கீழே குடியிருக்கும் ஜனங்களுக்குத் தண்ணீர் போகிறதா என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

பகல் ஷிப்ட் எட்டு மணிக்கு. குவார்ட்டர்ஸிலிருந்து வேலைக்குப் போகிற வழியில்தான் கம்பம். அதனால் போகிறபோதே பார்த்து எழுதிவிடுவது வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். ரெஜிஸ்டரில் தேதிக்குக் கட்டம் உண்டு, அளவுக்குக் கட்டம் உண்டு, கையெழுத்துக்குக் கட்டம் உண்டு. மணிக்குக் கட்டம் கிடையாது. எட்டு மணிக்கு மெஷின் முழு ஓட்டத்தில் இருக்கும், ஆறு நிரம்பிப் போகும். நான் எழுதின ஓர் எண்கூடப் பொய் இல்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து எழுதியிருக்கிறேன். நீ பிறந்த மறுநாள்கூடப் போய் எழுதினேன் என்று உன் அம்மா இன்றைக்கும் குறை சொல்வாள்.

கம்பத்துக்குக் கீழே ஆற்றை ஒட்டி ஒரு எஸ்டேட் லைன் இருந்தது, பத்துப் பன்னிரண்டு வீடு. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அதில் பாக்கியம் என்று ஓர் அம்மாள், இலை பறிக்கிற வேலை. ஒரு பங்குனி மாதம், காலையில் நான் கம்பத்தருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இரண்டு பெண்களோடு வந்து நின்றாள். "ஐயா, நீங்க வெள்ளனவே வந்து பாத்துட்டுப் போறீங்க. அந்நேரம் நாங்க மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறோம். நாங்க லயத்துக்கு வாற நேரம் ஆத்துல ஒண்டும் இல்ல. உடுப்பு கழுவ ஏலாது, சோறு ஆக்க ஏலாது. ராவுல தண்ணி வந்தாலும் இருட்டுல ஆத்துல எறங்க ஏலாது. ஒரு நாளைக்குப் பகல்ல வந்து பாருங்களேன்" என்றாள். நான் வருகிறேன் என்றேன். போகவில்லை. பகலில் நான் கன்ட்ரோல் ரூமை விட்டு நகரக் கூடாது, அது விதி. சாயங்காலம் நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது அதே வழியாகத்தான் வருவேன், அப்போதும் கல்தான் கிடக்கும். அதைப் பார்த்தேன். தினமும் பார்த்தேன். அது எழுத வேண்டிய நேரம் இல்லை, அவ்வளவுதான்.

அவர்கள் மனு எழுதிப் போட்டார்கள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அணைக்கு மேலே ஓடும் ஒரு சிற்றோடையிலிருந்து லைன்வரை ஒரு குழாயும் ஒரு சிமெண்ட் தொட்டியும். விசாரிக்கக் கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், தோரணை எதுவும் இல்லை, குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைக் கேட்டார். இரண்டு வருடப் பக்கங்களைப் புரட்டினார். "நீங்கதான் எழுதறதா?" என்றார். "ஆமாங்க சார்." "இதுல ஏதாவது தப்பு இருக்கா?" "இல்லீங்க சார்." "தினமும் நேர்ல போய்ப் பாத்துத்தான் எழுதறீங்களா?" "ஆமாங்க சார்." மூன்று கேள்விக்கும் நான் சொன்னது உண்மை. எந்த நேரத்தில் என்று அவர் கேட்கவில்லை. பாக்கியம் கதவுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எட்டு மணிக்குங்க" என்று இரண்டு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு, மேலே இருப்பவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று. நான் அதில் முதல் மாணவன். பாக்கியம் எங்கள் ஆட்களைத் தாண்டி உள்ளே வந்து பேசத் துணியவில்லை. போதிய நீரோட்டம் உள்ளதாகப் பதிவேடு காட்டுவதால் மனு ஏற்கப்படவில்லை என்று கடிதம் வந்தது. அதை லைனில் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

ஒருவரும் செத்துப்போகவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும். தேயிலைக்கு மேலே சதுப்பில் ஓர் ஊற்று இருந்தது, ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரம் ஆகும். பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவதால் அங்கே போய் நிற்பது பெண் பிள்ளைகள். பாக்கியத்தின் மகள் சாந்தி உன் வகுப்பு. அந்த வருடம் பங்குனியில் குடத்தோடு போய் நிற்க ஆரம்பித்தவள், பரீட்சை எழுத வரவில்லை, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோதும் வரவில்லை. நீ ஒரு நாள் வந்து, "அப்பா, சாந்தி ஏன் வர்றதில்லை?" என்று கேட்டாய். நான், "அவங்க ஊர் மாறிப் போயிட்டாங்க கண்ணு" என்றேன். அவர்கள் அப்போது ஊர் மாறவில்லை. அரை மைலில்தான் இருந்தார்கள். ரெஜிஸ்டரில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை, ஆனால் அதைக் காப்பாற்ற உன்னிடம் சொன்னது பொய். அடுத்த வருடம் நான் மாற்றல் கேட்டு வாங்கியதற்கும் உன் படிப்பைத்தான் காரணம் சொன்னேன். அதையும் திருத்திக்கொள்.

பிறகு அந்த லைன்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஒரு முறை பாக்கியத்தைப் பார்த்தேன். நீ இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். குன்னூர் மார்க்கெட்டில் நான் பீன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன், அவள் ஏதோ கல்யாணத்துக்கு வந்திருந்தாள். நான் பார்க்காதது போல நகர்ந்திருப்பேன். அவளே கூப்பிட்டாள். "ஐயா, சுகமா இருக்கீங்களா? பாப்பா என்ன படிக்குது?" சொன்னேன். என்ன இன்ஜினியரிங் என்று கேட்டாள். தண்ணீர் சம்பந்தப்பட்டது என்றேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல். "அப்படியா, நல்லது" என்றாள். "நல்லா அளக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள். குத்திப் பேசவில்லை, அதுதான் பிரச்சனை. மனதார வாழ்த்துகிற மாதிரிதான் சொன்னாள். சாந்தியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே, மூத்தவள் சாந்திக்கு இரண்டு பிள்ளைகள், மெஷினில் தைக்கிறாள் என்றாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, பீன்ஸ் முற்றல் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதை வைத்து அணை கட்டியது தப்பு, பவர் ஹவுஸ் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அந்த மெஷின் ஓடித்தான் கீழே ஆயிரக்கணக்கான தறி ஓடிற்று, ஆஸ்பத்திரியில் விளக்கு எரிந்தது, நீ படித்தாய். ஒரு நாடு கரண்ட் இல்லாமல் இருக்க முடியாது. இன்றைக்கு உன் டேட்டா சென்டர் இல்லாமலும் இருக்க முடியாது என்கிறார்கள், இருக்கலாம். லாபம் எல்லோருக்கும் போகும், பரவலாக, கொஞ்சம் கொஞ்சமாக. நஷ்டம் அப்படிப் போவதில்லை. அது ஓர் இடத்தில், ஒரு மாதத்தில், ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கும். எங்கள் ஆற்றில் அது காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை. உன் ஊரில் அது சித்திரை. அந்த ஊர்க்காரர்கள் அந்த மாதத்தைத் தெரிந்துகொண்டே சரி சொன்னால் அது அவர்கள் இஷ்டம். குழாய் வந்த பிறகு மெஷினை ஓட்டுங்கள் என்று கேட்பார்கள். அல்லது கோடை மூன்று மாதம் கரண்டிலேயே குளிர வையுங்கள் என்று கேட்பார்கள். கம்பெனிக்குக் கொஞ்சம் சுணக்கம், கொஞ்சம் செலவு, கட்டடம் வராமல் போகாது. தெரியாமல் சரி சொன்னால் அப்புறம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். எங்கள் ஆற்றங்கரை லைனுக்குத் தேவைப்பட்டது ஒரு குழாயும் ஒரு தொட்டியும். அதற்கு இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது.

உனக்கு இதில் ஒன்றும் நஷ்டம் வராது என்று சொல்ல என்னால் முடியாது. எடுத்த பட்டியலை மறுபடி சேர்த்தால் உன் மேலதிகாரிக்குக் கோபம் வரும். வரப்போகிறது என்று நீ சொன்ன பதவி வேறு ஒருவருக்குப் போகலாம். அந்தக் கம்பெனி உங்களுக்கு அடுத்த வேலையைத் தராமல் போகலாம், உன்னுடன் வேலை பார்ப்பவர்கள் இதற்கு உன்னைக் குற்றம் சொல்வார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, தெரியும். உன் அம்மாவிடம் கேட்டால் வேலையை முதலில் பார் என்பாள், அதுவும் தப்பில்லை. நான் உன் வயதில் அப்படித்தான் பார்த்தேன், அதனால் ஒரு குறையும் இல்லாமல் ஓய்வு பெற்றேன். பிரிவு விழாவில் ஒரு கரும்புள்ளிகூட இல்லாத சேவை என்று பேசினார்கள். நான் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் இருந்த நீ கைதட்டினாய்.

பட்டியலைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. சேர்க்க விடவில்லை என்றால் போடாதே. சண்டை வேண்டாம், கண்ணீர் வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். "கோடை மாசத்துக் கணக்கு இல்லாம நான் கையெழுத்துப் போடறதில்லைங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள். அதற்கு மேல் அவர்கள் பாடு.

ஏன் பஸ் ஸ்டாப்பில் வேறு மாதிரி சொன்னேன் என்று நீ கேட்பாய். நீ "ஒண்ணுகூடப் பொய் இல்லைங்கப்பா" என்றபோது அது என் குரலாகவே கேட்டது. உன்னைத் தப்பு என்று சொன்னால் நான் தப்பு என்று ஆகிவிடும். அதனால் போட்டுரு என்றேன். நான் காப்பாற்றினது உன்னை இல்லை. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இவ்வளவையும் எழுதி உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே படித்தாள். "அந்தப் புள்ளைக்கு நான் அம்மிணியோட ரெண்டு ஜோடி யூனிபாரம் எடுத்து வெச்சிருந்தனுங்க, வந்தா குடுக்கலாம்னு" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்றைக்கு இரண்டாவது நாள். பேசுவாள், அதை விடு.

வெள்ளிக்கிழமை உன் ஆபீஸ் கூட்டத்தில் மேலே இருப்பவர்கள் உன்னிடம் கேட்பார்கள். படிவத்தில் இல்லாததை எதற்குச் சேர்க்கிறாய், உண்மையான எண்ணை மட்டும் எழுதினால் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று. அப்போது அந்த ஆற்றைப் பற்றிச் சொல். தினமும் எட்டு மணிக்கு மட்டும் அளந்து எழுதின ஓர் ஆள் இருந்தான் என்று சொல். யார் அந்த ஆள் என்று கேட்டால் மழுப்பாதே. என் அப்பா என்று சொல்.

இப்படிக்கு,
அப்பா